உதவிப் பொத்தான்

“நீங்க எழுதின உதவிப் பக்கம் பிரமாதம்மா. அதனாலதான் இனிமே கவுன்டருக்கு ஆளே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்.”

தலைமை நூலகர் பணிநீக்கக் கடிதத்தை மேசைக்குக் குறுக்கே தள்ளினார். அவர் இந்த நூலகத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கவுன்டர் அம்மாவுக்கோ அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடம். வயிறு எரியாதா?

அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் வேறு வைத்திருந்தார் மனுஷர். அவள் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துவிட்டு, கையெழுத்துப் போட முடியாது, கீழே எனக்கு வேலை கிடக்கிறது என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கணினியில் புத்தகம் தேடுகிறவர்கள் போன வருடம் ‘உதவி’ என்ற பொத்தானைப் பதினோராயிரம் தடவை அழுத்தியிருந்தார்கள். புகார் ஒன்றுகூட இல்லை.

அது போதாதென்று கண்ணாடிச் சுவரருகே கூட்டிப்போய்க் காட்டினார். அந்த மாடி அறையிலிருந்து பார்த்தால் கீழே கணினிகள் வரிசையாகத் தெரியும். கவுன்டர் மட்டும் அந்த அறைக்கு நேர் கீழே இருந்ததால் தெரியாது.

ஒரு பெரியவர் எதையோ தட்டித் தேடினார், தலையைச் சொறிந்தார், உதவியை அழுத்தினார். ஒரே நொடிதான். முகம் தெளிந்து எழுந்து நடந்தார்.

“பாத்தீங்களா? ஒரு குறிப்புகூட எடுக்கல. உங்க வேலையை உங்க எழுத்தே பாத்துடுது.”

அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தீர்களா என்று கேட்டாள் அவள். பலன்தான் கண்ணெதிரே தெரிகிறதே, படிப்பானேன் என்றார் அவர்.

“படிங்க சார். படிச்ச பிறகும் போகச் சொன்னா, நானே கதவைச் சாத்திட்டுப் போறேன்.”

என்ன திமிர் இந்த அம்மாவுக்கு என்று முணுமுணுத்தபடி தன் கணினியில் உதவியை அழுத்தினார். பக்கம் பக்கமாக விளக்கம் வரும் என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வந்தது ஒரே வரி. அதை வாய்விட்டுப் படித்தார்.

“எழுந்து கவுன்டருக்கு வாங்க, நான் எடுத்துத் தர்றேன்.”