ஏலம் போன ஞாயிற்றுக்கிழமை

அமைச்சர் க்ளைவ் ராத்போன் இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வெந்த கோழியைத் தட்டோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சொந்த மனைவிக்கு ஒரு முட்டைகூடப் பொரித்துக் கொடுக்காத மனிதர்.

கட்சியின் நிதி விருந்தில் வருடா வருடம் நடக்கிற கூத்து இது. 'அமைச்சர் உங்கள் வீட்டுக்கே வந்து ஞாயிறு மதியம் சமைத்துப் போடுவார்' என்று ஏலம் விடுவார்கள். பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கையைத் தூக்குவார்கள். இந்தத் தடவை அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டு அவரை எடுத்தது, கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த மிஸஸ் பெத்திக்.

அன்றைக்கு அந்த அம்மாள் கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை பிறகு அவர் தூக்கத்திலும் வந்து தொலைத்தது.

ஆனாலும் கிளம்பி வந்துவிட்டார். அடுத்த மாதம் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி. கையில் பணம் இல்லாதவனை அந்தக் கட்சியில் நாய்கூடச் சீந்தாது.

வீடுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஹல் துறைமுகத்துக்குப் பின்னால், லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியில் மூன்றாவது தளம். கோடிக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டை ஸ்வெட்டரோடு திரிகிற கஞ்சர்களை அவர் நிறையப் பார்த்திருந்ததால், இதுவும் அந்த ரகம் என்று தேற்றிக்கொண்டார். மனம் விட்டுப் பேச வசதியாக இருக்கட்டும் என்று உதவியாளரைக் கீழே காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

"நீங்க ஒரு வாய்கூடச் சாப்பிடலையே. கோட்டையாவது கழட்டுங்க."

"இருக்கட்டும். எனக்கு இங்க காத்து வரணும்."

ஜனவரிக் குளிரில் பால்கனிக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, அதை ஒட்டியே நாற்காலியைப் போட்டிருந்தாள் மிஸஸ் பெத்திக். அமைச்சருக்குக் கிடைத்தது பழைய கேஸ் ஹீட்டரை ஒட்டிய உள்மூலை, கதகதப்பாக இருந்தது. நெற்றிப்பொட்டில்தான் விண்விண் என்று ஒரு வலி. முந்தின நாள் ஒயின் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்ணிட்டிருந்தார்?" மெதுவாகத் தூண்டிலைப் போட்டார்.

"அவரோட பணம் இல்ல சார். என் பையன் கேலம் மூலமா வந்தது."

"லண்டன்ல பங்குச்சந்தையா?"

"இல்ல. இங்கதான் இருந்தான், மேல் வீட்ல." அவள் முட்கரண்டியை நகர்த்தி வைத்தாள். "வாடகை வீடுகளுக்குன்னு ஒரு மசோதா கொண்டு வந்தீங்களே, அது என்னாச்சு?"

அமைச்சருக்கு மனம் குளிர்ந்துபோனது. இவ்வளவுதானா! மேல் வீடு, கீழ் வீடு என்று வளைத்துப்போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் அவரை ஏலத்தில் எடுத்திருக்கிறாள்.

"நிம்மதியா தூங்குங்க. அதை ஊத்தி மூடியாச்சு."

"யார் மூடினது?"

"ஐயாதான்." நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "சர் ட்ரெவர் ஒரு வார்த்தை சொன்னார். இந்த வட்டாரத்துல பாதிக் கட்டடம் அவரோடது, எங்க கட்சியோட பாதிச் செலவும் அவரோடது. நாளைக்கு நான் தலைவரானா உங்களுக்கும் அதே கவனிப்புதான்."

"அப்படி என்னதான் இருந்தது அதுல?"

"கேஸ் ஹீட்டர் இருக்கற எல்லா வாடகை வீட்லயும், விஷவாயு கசிஞ்சா கத்தற மணி ஒண்ணு மாட்டணுமாம். வருஷா வருஷம் ஆள் வந்து சோதனை போடணுமாம். வெட்டித் தொல்லை!" சிரிக்கப் போனவருக்குப் பெரிய கொட்டாவி வந்தது. நாக்கு வேறு தடித்தாற்போல் இருந்தது.

மிஸஸ் பெத்திக் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"உங்க ஆபீஸ் வாசல்ல எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கேன் சார். உங்களைப் பார்க்கவே விடல. கேலம் செத்ததுக்கு சர் ட்ரெவர் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாங்க. அதை அப்படியே கொண்டுபோய் ஏலத்துல போட்டேன். உடனே வந்து சமைச்சுப் போடறீங்க."

அமைச்சர் வெடுக்கென்று எழுந்தார். கால் துவண்டது. மேஜை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். "எப்படிச் செத்தான்?"

"ஃபோன் பண்ணினான். தலை வலிக்குதும்மா, தூக்கம் தூக்கமா வருதுன்னான். ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படுடான்னேன். நான்தான் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகல. தினமும் கேக்குது."

அவள் எழுந்து பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டாள். கடல்காற்று வந்து மேஜைவிரிப்பைத் தூக்கியது. அமைச்சர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவரைப் போல வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

"மேல் வீட்ல மறு வாரமே ஹீட்டரை மாத்திட்டாங்க சார்."

அவர் மெல்லத் தன் நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"இங்க இன்னும் மாத்தல."