நம்ம ஊர்த் தண்ணி

"என் வாய்க்குள்ள என்ன போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

வெர்னா கத்தியதும் பாதிக் கூட்டம் கை தட்டியது. மீதிப் பாதி முறைத்தது.

மார்ச் மாத முதல் செவ்வாய். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர் கூடி ஓட்டுப் போடும் நாள். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம் நிறைய மடக்கு நாற்காலிகள். இந்த வருஷம் சண்டை ஒன்றுதான்: குடிநீரில் ஃப்ளூரைடு கலப்பதை நிறுத்துவதா, தொடர்வதா?

நிறுத்தியே தீருவது என்று இரண்டு வருஷமாக அலைகிறாள் வெர்னா. முழங்கால் பனியில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள். இன்று விட்டால் அடுத்த மார்ச்தான்.

பல் டாக்டர் ஹாலிஸ் எழுந்தார். "அந்த மருந்து இருக்கறதாலதான் குழந்தைங்க பல்லு சொத்தையாகாம இருக்கு!"

"பேஸ்ட்ல இருக்கே டாக்டர். தேய்க்கச் சொல்லுங்க."

"எல்லா வீட்லயும் தேய்க்கிறாங்களா?"

"அதுக்காக நம்ம ஊர்த் தண்ணில மருந்தா? நாளைக்குத் தலைவலி மாத்திரையும் கரைப்பீங்களா?"

ஒரே சிரிப்பு. டாக்டருக்குக் காது சிவந்தது. அவரும் விடவில்லை. இப்படியே இரண்டு மணி நேரம்.

கூட்டத் தலைவர் எமெரி சுத்தியலைத் தட்டினார். "போதும்ப்பா. கையைத் தூக்குங்க, எண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"முடியாது," என்றாள் வெர்னா. "பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான்னு பாதிப் பேர் கையே தூக்க மாட்டாங்க. சீட்டு ஓட்டு வேணும்."

ஏழு பேர் கேட்டால் சீட்டு ஓட்டு நடத்தியாக வேண்டும். சட்டம். வெர்னா திரும்பிப் பார்த்தாள். ஏழென்ன, இருபது பேர் எழுந்தார்கள்.

எமெரி பெருமூச்சு விட்டார். சீட்டு அடிக்க வேண்டும், பேர் சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் போச்சு.

அப்போது குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ரோலண்ட் கை தூக்கினான். காலையிலிருந்து வாயே திறக்காதவன்.

"ஒரு சந்தேகம் தலைவரே. என் குழாய் ஆத்தங்கரைத் தெருவோட நின்னுடுது. மேட்டுல எல்லாருக்கும் சொந்தக் கிணறு. இங்க குழாய்த் தண்ணி குடிக்கிறவங்க யாரு? எழுந்திரிங்க, பார்ப்போம்."

ஒரு நாற்காலியும் அசையவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெர்னா கையெழுத்துத் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக் கிணறு நூற்றெண்பது அடி ஆழம்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். டாரீன். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, சீருடையோடு வந்திருந்தாள்.

"நீ மட்டுமாம்மா? மத்தவங்க எங்க?" என்றார் எமெரி.

"செவ்வாக்கிழமை பகல்ல எங்க இருப்பாங்க? வேலைலதான். நான் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் வாங்கினேன்."

"நீ எந்தப் பக்கம்?"

"பரவால்ல, இப்பவாவது கேட்டீங்களே." டாரீன் கோட்டை மாட்டினாள். "பன்னெண்டரைக்கு நான் அங்க இருக்கணும். கையைத் தூக்கிட்டு ஓடிடலாம்னு வந்தேன். சீட்டு வர்ற வரைக்கும் நின்னா வேலை போயிடும்."

எமெரி வெர்னாவிடம் குனிந்தார். "கையைத் தூக்கிடலாமா? அவளும் போட்டுட்டுப் போகட்டுமே."

வெர்னா கூட்டத்தைப் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். கை தூக்கினால் தோற்றாலும் தோற்கலாம். இரண்டு வருஷம்!

"சட்டப்படியே நடக்கட்டும்," என்றாள்.

டாரீன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

சீட்டு வந்தது. ஆற்றங்கரைத் தெருக் குழாயில் என்ன வரவேண்டும் என்று முடிவு பண்ண, கிணற்றுக்காரர்கள் எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

முதல் ஆள் வெர்னா.