செருப்பு பார்க்கும் திசை

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த அக்காவும் அவள் தம்பியும் கைபேசியில் ஒரு கதைக்குழுவில் இருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி மாறி மாறி எழுத வேண்டும். கதையில் இவர்கள் இருவரும் ஒரே போர்க்குடியின் வீரர்கள்.

"வாளை யார் வேணா சுத்தலாம்க்கா. யாரும் பாக்காதப்பவும் விடாத ஒரு வழக்கம் குடு, அப்பதான் அவன் வீரன்," என்பான் தம்பி. அப்படி ஒன்றை அவனே கட்டிவிட்டான். அந்தக் குடியில் உயிரோடிருப்பவன் செருப்பு தெருவைப் பார்த்திருக்கும். செத்தவன் செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். அவனுக்கு இனிப் போர் கிடையாது.

விபத்தில் தம்பி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று. குழுவில் அவனுடைய வீரன் பாதிச் சண்டையில் அப்படியே நின்றான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அவனைச் சாகடித்தாள். செருப்பைத் திருப்பிவைத்தது வரை எழுதினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

மாலையில், வீட்டு வாசலில் அப்படியே கிடந்த தம்பியின் செருப்பையும் உள்பக்கம் திருப்பினாள். மறுநாள் காலையில் அது மறுபடி தெருவைப் பார்த்திருந்தது.

"அம்மா, தம்பி செருப்பத் தொட்டியா?"

"அதத் தொட எனக்கு எங்கடி தெம்பு?"

அன்றும் உள்பக்கம் திருப்பினாள். வியாழனன்றும் தெருவைப் பார்த்தது. அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையும் தம்பியின் செருப்பு தெருவைத்தான் பார்த்திருந்தது. பக்கத்தில் அவளுடைய செருப்பு வீட்டைப் பார்த்திருந்தது.

எட்டரைக்கு முதல் நோயாளி வந்துவிடுவார். அவள் வீட்டைப் பார்த்தபடியே நின்று காலை நுழைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி வேலைக்குப் போனாள்.