காக்ஸ் டவுன் டவரின் மதிப்பு

“பூஜ்யம் மட்டும் போட்டுடாதீங்க மேடம்,” என்றார் ஆஞ்சலா, காபி டம்ளரை நீட்டியபடி.

தாரணி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு மொபைல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. இந்த வீட்டின் மூன்றாம் மாடிக்கு மேல், மொட்டைமாடியில் நிற்கும் டவர் அந்தக் கம்பெனியுடையது. ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாத வெயில், தெருவெல்லாம் உதிர்ந்து கிடந்த இளஞ்சிவப்புப் பூக்களின் மேல் தூங்கி வழிந்தது.

“பூஜ்யத்தைப் பத்தி யார் சொன்னது ஆன்ட்டி?”

“லைன்மேன் முனிகிருஷ்ணன். வருஷா வருஷம் மார்ச்ல கணக்குப் பார்ப்பீங்களாமே. யாரும் பேசாத டவருன்னா பூஜ்யம் போட்டுடுவீங்களாம். அப்புறம் என்ன, பிரிச்சு லாரியில ஏத்த வேண்டியதுதானே.”

“ஒரு டவர் இனிமே எவ்வளவு சம்பாதிக்கும்னு பார்ப்போம். குறைவா இருந்தா, கணக்குல அதோட மதிப்பைக் குறைப்போம். ஒண்ணுமே தேறாதுன்னா பூஜ்யம்.”

“எங்க டவர்லதான் ஓயாம பேசறாங்களே.”

“அதனாலதான் வந்தேன். போன வருஷத்தைவிட மூணு மடங்கு. ஆபீஸ்ல பெருமையா பேசிக்கறாங்க.” தாரணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். “ஆனா பேசறது மொத்தம் நாலே நம்பர். இந்த டவர்லேருந்து இந்த டவருக்கே. ஒரு தடவை எடுத்தா மூணு மணி நேரம். அப்படி என்ன ஆன்ட்டி பேசுவீங்க?”

“பொம்பளைங்களுக்குப் பேச விஷயமா இல்ல?” என்றார் ஆஞ்சலா. ஆனால் அவர் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

தாரணி எழுந்து அங்கே போனாள். அரிசி டின்னின் மேல், மடித்த துண்டில், பட்டன் வைத்த பழைய போன்கள் இரண்டு படுத்திருந்தன. இரண்டிலும் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். எங்கோ குக்கர் விசில் அடித்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரும் பேசவில்லை.

“எதிர்வீட்டு சரசு வீடு,” என்றார் ஆஞ்சலா, பின்னால் நின்று.

இன்னொன்றில் காற்று. காற்றுக்குள் ஒரு ஆண் குரல் எதையோ முணுமுணுத்துப் பாடியது. அதற்கும் அப்பால், நூல் போல மெலிதாக, ஏதோ கீச்சிட்டது. தாரணிக்குப் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

“அது எங்க வீட்டுக்காரரோட சட்டைப்பை,” என்றார் ஆஞ்சலா. “மாடியில இருக்காரு. வாங்க, காட்டறேன். இதுக்கு மேல என்ன மறைக்கறது?”

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பைனாகுலருடன் உட்கார்ந்திருந்தார் கிளிஃபர்ட். “மெதுவா பேசும்மா. அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம்,” என்றார்.

டவரின் உச்சியில், ஆன்டெனாவுக்கும் கம்பிக்கும் நடுவே, குச்சியும் ஒயரும் கந்தலும் சேர்த்துக் கட்டிய ஒரு பருந்துக் கூடு. பஞ்சு போல இரண்டு தலைகள் ஆடின. கூட்டின் ஓரத்திலிருந்து ஒரு நீல சாக்ஸ் தொங்கியது.

“அது இவரோடது,” என்றார் ஆஞ்சலா. “ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாசம் கட்டிலை விட்டு இறங்கல. டாக்டர் நடங்கன்னாரு, பாஸ்டர் நடங்கன்னாரு. கேட்கல. போன வருஷம் ஒருநாள் கொடியில கிடந்த சாக்ஸை அந்தப் பருந்து தூக்கிட்டுப் போச்சு. அதைத் திட்டறதுக்குன்னே மாடி ஏறினாரு.”

“ஐம்பத்தி நாலு படி,” என்றார் கிளிஃபர்ட். “இன்னிக்கும் தினம் வந்து திட்டறேன். திருடி.”

அப்போது தாய்ப் பருந்து திரும்பியது. அதன் நிழல் தண்ணீர்த் தொட்டியைத் தடவி, தாரணியின் தோளைத் தடவி, கிளிஃபர்டின் நரைத்த தலைமேல் ஒரு கணம் நின்று போனது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே தெருவின் இரைச்சல் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவது போல இருந்தது.

“கம்பெனி குடுக்கற வாடகை போனா போகட்டும் கண்ணு. டவர் இருக்கணும்,” என்றார் ஆஞ்சலா.

“இதுல நிஜமா பேசறவங்க எத்தனை பேர்?”

ஆஞ்சலா வாய் திறப்பதற்குள் கிளிஃபர்ட் கை உயர்த்தினார். “பொய் வேணாம், ஆஞ்சலா. ஒருத்தரும் இல்லம்மா. தெருவே வேற கம்பெனிக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. நானும்தான்.”

தாரணி கூட்டை இன்னொரு முறை பார்த்தாள்.

“ஜோடிச்ச பேச்சை வருமானம்னு எழுத முடியாது அங்கிள். பூஜ்யம்தான்.”

“குடிச்ச காபி இன்னும் தொண்டையில இறங்கல, அதுக்குள்ளயா?” என்றார் ஆஞ்சலா.

தாரணி கணினியை எடுக்கக் கீழே இறங்கிப் போனாள்.

கிளிஃபர்ட் பைனாகுலரை மடியில் வைத்தார். “எனக்கும் முட்டி வலிக்குது. இனிமே கட்டிலே போதும்,” என்றார், மனைவியைப் பார்க்காமல்.

ஆஞ்சலா அவர் தோளில் கை வைத்தார். அப்போது கிளிஃபர்டின் சட்டைப்பைக்குள்ளிருந்து, அரிசி டின்னின் மேல் இணைப்பு அறாமல் கிடந்த போனின் வழியாக, ஆபீஸுக்குப் பேசும் தாரணியின் குரல் கேட்டது.

“ப்ரஹ்லாத் சார், காக்ஸ் டவுனுக்குப் பூஜ்யம் போட்டுட்டேன். நல்லா ஓடற டவர்னு நம்பி, திங்கட்கிழமை புது ஆன்டெனா மாட்ட அஞ்சு பேரை மேல ஏத்தறதா இருந்தோமே, அவங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. பிரிக்கறதா? பிரிக்கற கூலிக்கு இரும்பு விலை கட்டாது சார். பூஜ்யம் போட்ட டவர் எதை இதுவரைக்கும் தொட்டிருக்கோம்? அது பாட்டுக்கு நிக்கட்டும்.”