லைசன்ஸும் சேர்ந்து வருமா?

"கடை பாக்க வர்றவன் பார் லைசன்ஸ் பேர் மாறுமான்னு கேப்பான். மாறும்னு சொல்லப் போறேன். குறுக்க நீ வாயத் தொறக்கக் கூடாது."

சிவலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மனைவி காத்தாயி கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பொய் சொல்லியா விக்கப் போறீங்க?"

"உண்மைய சொல்லி ரெண்டு பேர வெரட்டினோமே, என்னத்தக் கண்டோம்?"

"பொறகு தெரிஞ்சா?"

"பொறகத்த பொறகு பாத்துக்கலாம்."

இலங்கையின் நாவுல ஊர் மெயின் ரோட்டில், சாப்பாட்டுக் கடையும் பாரும் சேர்ந்த இடம் அது. சாராயப் பெட்டி தூக்கித் தூக்கி சிவலிங்கத்தின் முதுகெலும்பு விலகிவிட்டது. இனியும் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, விற்றுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், பக்கத்தில் புதிதாகப் பள்ளிக்கூடம் ஒன்று வந்துவிட்டது. 'லைசன்ஸ் இந்த வருசத்தோட சரி. வேற ஆள் பேருக்கு மாத்தவும் முடியாது' என்று எக்ஸைஸ் ஆபீசில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கடை பார்க்க வந்த இருவரும் அதைக் கேட்டவுடன், ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். லைசன்ஸ் இல்லாத பார் வெறும் நாலு சுவர்.

வாசலில் வேன் நின்றது. சிங்களத்தில் எழுதிய விற்பனைப் பலகையைப் பார்த்து நேற்று போனில் பேசியவர் இறங்கினார். நல்ல உயரம், முழுக்கைச் சட்டை, பளபளவென்று வழுக்கை. போனில் பேசியது போலவே சிங்களத்தில்தான் பேசினார்.

"வாங்க மாத்தயா, வாங்க," என்று சிவலிங்கமும் சிங்களத்தில் வரவேற்றார்.

"உரிச்ச முட்ட மாதிரி இருக்கு தல. கண்ணு கூசுது," என்றாள் காத்தாயி தமிழில்.

"சும்மா இருடி."

வந்தவர் அடுப்படியைப் பார்த்தார். புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். பார் பக்கம் மட்டும் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பார் வாங்க வந்தவருக்கு சாராய நாத்தம் ஆகலையாம்," என்றாள் காத்தாயி.

சிவலிங்கம் சோடாவை உடைத்து கிளாசில் ஊற்றப் போனார். வந்தவர் கையை நீட்டித் தடுத்தார். "கிளாஸ் வேணாம்." போத்தலை வாங்கி அப்படியே அண்ணாந்து குடித்தார்.

காத்தாயியின் முகம் சுருங்கியது. "பாத்தீங்களா? தேயிலத் தோட்டத்து ஆளுங்க நாம கழுவின கிளாஸ்ல வாய் வைக்க மாட்டாராம். இவருக்கா விக்கப் போறீங்க?"

"யாரா இருந்தா என்ன? என் முதுகுக்கு நீயா பதில் சொல்லுவ?"

வந்தவர் போத்தலை மேசையில் வைத்தார். சட்டைப் பொத்தானைத் திருகினார். எதையோ கேட்கத் தயங்குவது போலிருந்தது.

"இடம் புடிச்சிருக்கு. ஒரே ஒரு விசயந்தான். அந்த லைசன்ஸ்... அதுவும் கடையோட சேர்ந்து வருமா?"

"வரும் மாத்தயா! லைசன்சுக்கும் சேத்துத்தான் வெல. அப்பிடியே உங்க பேருக்கு மாறிரும். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

வந்தவரின் முகம் செத்துப் போனது.

"அப்ப எனக்குச் சரிவராது," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

சிவலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். காத்தாயிக்கு அடக்க முடியவில்லை.

"நல்லா வேணும்! அந்த லைசன்ஸ் மாறவே மாறாது, வருசம் முடிஞ்சா இங்க ஒரு சொட்டு சாராயம் ஓடாதுன்னு உண்மையச் சொல்லியிருந்தா, பொய் சொன்ன பாவமாவது மிச்சமாயிருக்கும்!"

"கத்தாதடி! இன்னும் வேன்ல ஏறல!"

"கத்துவேன்! வழுக்கைக்குத் தமிழா தெரியப் போகுது?"

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. வந்தவர் திரும்பினார்.

"தெரியும் தங்கச்சி," என்றார் தமிழில்.

காத்தாயி கையிலிருந்த துணியாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லைசன்ஸ் மாறாதுன்னு சொன்னீங்களே, அது உண்மையா?"

சிவலிங்கம் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "உண்மதாங்க. பொய் சொல்லிட்டேன். வந்தவங்க எல்லாம் லைசன்ஸ் இல்லன்னதும் ஓடிட்டாங்க. இந்த முதுக வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு..."

"இனி இந்தக் கடையில சாராயமே கிடையாது?"

"கிடையாதுங்க."

"வெலையிலயும் லைசன்ஸ் சேராது?"

"இல்லாததுக்கு எப்பிடிங்க வெல?"

வந்தவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்து, ஒரு தரம் உதறி, வழுக்கையில் மாட்டிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! சாராய லைசன்சுக்குக் காசு குடுத்தா எங்களுக்கு ஹராம். சாராயம் ஊத்தின கிளாசும் அப்பிடித்தான், தங்கச்சி குறையா நினைக்க வேணாம். என்ட பேர் அப்துல் ஸமத், இந்த இடத்துல புரியாணிக் கடை போடப் போறேன். வெலையச் சொல்லுங்கோ அண்ணன்... என்ன தங்கச்சி, இப்பவும் கண்ணு கூசுதா?"