கடைசி வரியில் நூறு அடி

விமானத்தின் கணினி இறங்கும் கணக்கைத் தரையிலிருந்துதான் தொடங்கும். திருச்சி ஓடுதளத்தின் உயரம் இருநூற்று எண்பத்தெட்டு அடி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, கடலுக்கு மேலே எந்த இடத்தில் இறங்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடும். இன்று திரையின் கடைசி வரியில் ஓடுதளத்தின் உயரத்துக்குப் பதிலாக நூறு அடி என்று இருந்தது. ஓடுதளத்துக்கு முப்பத்தைந்து மைல் முன்னாலேயே, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தின் தரையில், பாதை முடிந்திருந்தது.

கேப்டன் வளவனுக்கு அந்த இடம் தெரியும். அவன் அம்மா கண்ணாத்தாள் நேற்று நடவு முடித்த வயல்.

"அழிச்சாலும் திரும்ப வருது சார்," என்றாள் துணை விமானி லின்சி. அந்த வரியை மூன்று முறை அழித்திருந்தாள்.

"விடுங்க, நான் கையால ஓட்டிக்கிறேன்."

அதிராம்பட்டினம் கரையைத் தாண்டியதும், கணினி போட்ட பாதை அவர்களுக்குக் கீழே சரிந்துகொண்டே போனது. பாபநாசத்தைக் கடக்கையில் திரையிலிருந்து மறைந்தது. ஆனால் திருச்சியில் சக்கரங்கள் பூப்போலத் தரை தொட்டன. பயணிகள் வழக்கம்போல முண்டியடித்து எழுந்தார்கள்.

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போடுவது அவன் பழக்கம்.

"எறங்கிட்டேம்மா."

"யாருங்க பேசறது?"

"நான்தாம்மா, வளவன்."

பின்னால் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது.

"வளவன் இங்க வாசல்ல கால் கழுவிக்கிட்டு நிக்கிறானே," என்றாள் கண்ணாத்தாள். "அவன் பின்னாலயே பெரிய கூட்டம், வயலுக்குள்ள பெட்டிய இழுத்துக்கிட்டு வருது. நேத்து நட்ட நாத்துங்க. ஒண்ணுகூடச் சாயல."