அரைக் கிலோ மக்கும் குப்பை

செண்பகவல்லியின் வீட்டு வாசலில் மாநகராட்சி வைத்த பேசும் குப்பைத்தொட்டி ஒரு வாரமாகக் காலியாகவே இருந்தது. எட்டாம் நாள் ஆய்வாளர் வந்துவிட்டார்.

"வீட்டுக்குத் தினமும் அரைக் கிலோ மக்கும் குப்பை வரணும்மா. தெருவுல கொட்டுறியா?"

"மிச்சம் ஆனாத்தானே சார் குப்பை? நானும் மகளும் ஒரு பருக்கை விடமாட்டோம்."

"அதெல்லாம் தொட்டிக்குத் தெரியாது. நாளைக்கும் காலின்னா தண்ணியை நிறுத்திடுவோம்."

மறுநாள் காலை சோறு வடித்ததும் அவள் மகளுக்கு ஒரு தட்டு போட்டுவிட்டு, தன் பங்கை ஆவி பறக்கத் தொட்டியில் கொட்டினாள்.

"உனக்கு எங்கேம்மா?" என்றாள் மகள் கயல்.

"தொட்டி சாப்பிட்டுடுச்சு."

"பொறுப்பான குடிமகளுக்கு நன்றி," என்றது தொட்டி, மிகுந்த மரியாதையோடு. "இன்னும் நூறு கிராம் குறைகிறது."

கயல் தன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.